தாளிப்புக்கு அடிச்ச அலாரம்

புதுசா வேலைக்குச் சேந்திருக்கீக, சந்தோசம். எனக்கு ஓய்வு குடுத்தது மொதலாளி இல்ல, என்னோட ரெண்டு முட்டி. அம்பத்தி நாலு வயசுல ஏணியில மூணாவது படி ஏறுனா ரெண்டும் சேந்து டக்கு டக்குங்கும். கஸ்டமர் கீழ நின்னுக்கிட்டு, "மிஷின்ல என்னமோ சத்தம் வருதே"ம்பாக. "மிஷின் இல்லைங்க, நாந்தான்"னு சொல்லிச் சொல்லி அலுத்துப்போயி ஏணிய இறக்கி வச்சுட்டேன்.

உங்ககிட்ட செத்த நேரம் பேசச் சொன்னாக. எந்த வயரு எங்க போகும், எத்தன ஸ்க்ரூ போடணும்கிறதெல்லாம் பொட்டிக்குள்ளயே ஒரு பேப்பர்ல போட்டிருக்கும். நீங்க படிங்க. நான் படிச்சதில்ல, ஷாக் அடிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். நான் சொல்ல வந்தது வேற. ஒரு வீட்டுக்கு எந்தப் புகை அலாரம் சரிப்படும்னு முடிவு பண்றது இருக்கு பாருங்க, அதுதான் நம்ம வேலை. ஸ்க்ரூ முடுக்குறது அதுக்குப் பெறகு.

அதுல நான் பண்ணாத தப்பு கெடையாது. மொத வருசம் படத்துல போட்டிருக்க மாதிரியே ஒரு பெட்ரூம்ல நட்ட நடுச் சீலிங்ல மாட்டுனேன். படம் வரைஞ்ச ஊர்ல சீலிங் ஃபேன் கெடையாது போல. இங்க பன்னண்டு மாசமும் ஃபேன் ஓடும். பக்கத்துல ஊதுபத்தியக் கொளுத்திக் காட்டுனா, புகை எல்லாம் சுவர் ஓரமா ஓடுதே தவிர அலாரம் கிட்ட போகல. இன்னொரு வீட்டுல, அலாரத்துக்கு மேல இருக்க பிளாஸ்டிக் மூடியக் கழட்ட வீட்டுக்காரரு விடவே இல்ல. ஃப்ரிட்ஜ்ல ஒட்டுன கவரையே மூணு வருசமாப் பிரிக்காத வீடு அது. "தூசி படியாம இருக்கட்டும்ங்க"ன்னாரு. நானும் சரின்னு வந்துட்டு, பாதி வழியில யோசிச்சுத் திரும்பிப் போயிக் கழட்டுனேன். இதெல்லாம் சின்னத் தப்பு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. கடையில சொல்லிச் சிரிக்கிறதுக்கு ஆச்சு.

பேகம்பூர்ப் பக்கம் காதர் பாய் வீட்டுக்கு மாட்டுனதுதான் வேற.

காதர் பாய் தோல் பதனிடுற ஷாப்புல வேலை பாத்தவரு. முப்பது வருசமா அந்த டிரம்மு சுத்துற சத்தத்துக்குள்ளயே நின்னதுல ரெண்டு காதும் போச்சு. அவரும் அவரு சம்சாரம் சுபைதாக்காவும் மட்டும்தான் வீட்டுல. மக மதுரையில கட்டிக் குடுத்த பொண்ணு. அந்தப் பொண்ணுதான் ஐப்பசி மழை நேரத்துல கடைக்கு போன் பண்ணுச்சு. அத்தாவுக்குக் காது கேக்காது, அம்மா அக்கம்பக்கம் போயிருவாக, அத்தா ஒத்தையில இருப்பாக, நல்ல அலாரமா மாட்டுங்கண்ணேன்னு சொல்லுச்சு. தெளிவாத்தான் சொல்லுச்சு. போனை எடுத்தது நான்தான்.

நான் என்ன யோசிச்சேன்? காது கேக்காதவருக்கு, இருக்கதுலயே சத்தமானது வேணும். அம்புட்டுத்தான் என் யோசனை. கண்ணு தெரியாதவருக்குப் பெரிய எழுத்துப் பேப்பர் வாங்கிக் குடுக்குற மாதிரி. இருக்கதுலயே பெரிய தொண்டை உள்ளத எடுத்துட்டுப் போயி ஹால்ல, அடுப்படி நெலைக்கு வெளிய, ரெண்டு அடி தள்ளி மாட்டுனேன். தீன்னா அடுப்படியிலதான வரும்கிற நெனப்பு. ஏணி போட எடம் பத்தல. மாடிப்படிக்குக் கீழ இன்வர்ட்டர் இருந்துச்சு, அதைச் சுத்திப் பழைய பேப்பர்க் கட்டு, ரெண்டு பாய், ஒரு கிழிஞ்ச மெத்தை. அந்தப் பேப்பர்க் கட்டை நானே நகட்டி வச்சு ஏணியப் போட்டேன். வேலை முடிஞ்சதும் நானே திருப்பி இன்வர்ட்டர் மேல சாச்சு வச்சேன். இருந்த எடத்துல வச்சுட்டுப் போற நல்ல மனுசன்னு சுபைதாக்கா பாராட்டுனாக.

மறுநாளே போன். கடுகு தாளிச்சா அலாரம் அடிக்குது. மூணாம் நாள் மீன் பொரிச்சாக, அதுக்கும் அடிச்சுச்சு. வத்தல் மொளகாயக் கிள்ளிப் போட்டா நிக்கவே மாட்டேங்குது. நான் போயி அண்ணாந்து பாத்து, தலைய ஆட்டி, ஒண்ணு சொன்னேன். "அடிச்சா நல்லா இருக்குன்னு அர்த்தம்க்கா. அடிக்காட்டிதான் கவலப்படணும்." எம்புட்டு அழகாச் சொன்னேன். அதை எனக்கே பிடிச்சுப்போயி வேற நாலு வீட்டுலயும் சொன்னேன். சுபைதாக்கா நம்பரை போன்ல "தாளிப்பு அக்கா"ன்னு பதிஞ்சு வச்சேன்.

உண்மையில என்ன பண்ணியிருக்கணும்? அடுப்படி கிட்ட புகைய மோப்பம் பிடிக்கிறது ஆகாது. அங்க சூடு ஏறுனா மட்டும் கத்துற வகை ஒண்ணு இருக்கு, அதை மாட்டணும். புகை பாக்குறது தள்ளி இருக்கணும். எனக்கு அது தெரியும். தெரிஞ்சும், மறுபடி ஏணி போடணுமே, முட்டி வலிக்குமேன்னு ஒரு வசனத்தைச் சொல்லித் தப்பிச்சுட்டேன்.

காதர் பாய்க்கு மட்டும் அந்த மிஷின் மேல ஒரு குறையும் இல்ல. வீதியில என்னையப் பாத்தா நிறுத்தி, "நல்ல மிஷின் தம்பி, சத்தமே இல்ல, அமைதியா இருக்கு"ம்பாரு. நான் அதைக் கடையில நடிச்சுக் காட்டுனேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாக. யாரைக் காப்பாத்த மாட்டுனோமோ அவருக்கு அது கேக்கவே இல்லைன்னு அவரு வாயாலேயே சொல்றாரு. எங்க அம்புட்டுப் பேர்ல ஒருத்தனுக்கும் சிரிப்புக்கு மேல எதுவும் தோணல.

தெருவும் பழகிருச்சு. அந்தத் தெரு முக்குல செல்வின்னு ஒரு பொண்ணு இஸ்திரி வண்டி போட்டிருக்கும். மத்தியானம் ஒரு மணி வாக்குல அலாரம் அடிச்சா, அது பெட்டிய ஓரம் வச்சுட்டுச் சாப்பாட்டுத் தூக்குவாளியத் தெறக்கும். ஆட்டோக்காரரு ஒருத்தரு, "இன்னைக்குச் சத்தம் நீளமா இருக்கே, என்ன வெஞ்சனம், மீனா கறியா"ன்னு கேப்பாரு. நான் மாட்டுனது தீ அலாரம். தெருவுக்கு அது சாப்பாட்டு மணி.

மாசி மாசம், நல்ல வெயில். நிலக்கோட்டையில ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தீயணைப்பு சிலிண்டர் எல்லாம் ரீஃபில் பண்ணி, குட்டியானை வண்டியில ஏத்திக்கிட்டு நான் ஒத்தையில போறேன். மண்டபத்து மேனேஜரு கொஞ்சம் டிப்டாப்பான ஆளு. கம்பெனிச் சட்டை கசங்கிக் கெடக்கு. வீட்டுல, உங்க சட்டைய நீங்களே தேயுங்கன்னுட்டாக. அதுனால செல்வி வண்டியில நிறுத்திச் சட்டையக் கழட்டிக் குடுத்துட்டு, பனியனோட நிக்கிறேன். மணி ரெண்டு இருக்கும்.

அலாரம் அடிச்சுச்சு.

நான் தலையக்கூடத் தூக்கல. "அக்கா இன்னைக்கு லேட்டாத் தாளிக்கிறாக போல"ன்னேன்.

செல்வி பெட்டிய என் சட்டை மேல இருந்து எடுத்து ஓரமா வச்சுச்சு. சத்தம் வந்த பக்கம் ஒரு பார்வை, என்னைய ஒரு பார்வை.

"நோன்பு நடக்குதுண்ணே. மத்தியானத்துல யாரு தாளிப்பா?"

முந்துன நாள் சாயங்காலம் பள்ளிவாசல்ல ஒரு தூக்குச்சட்டி நிறைய நோன்புக் கஞ்சி வாங்கி, வீட்டுக்குக் கூடக் கொண்டு போகாம குடிச்சவன் நான். எனக்குத் தோணல. அந்தப் பொண்ணுக்குத் தோணுச்சு. நோன்பு ஆரம்பிச்சதுல இருந்து மத்தியானச் சத்தம் நின்னுபோச்சு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலதான் அடிக்கும்னு அது கவனிச்சு வச்சிருக்கு.

ஓடுனோம். ஹால் சன்னல் வழியாப் புகை வெளிய வருது. கிரில் கேட்டுல வெளிப்பக்கமாப் பூட்டு தொங்குது. காதர் பாய்க்குக் காலிங் பெல் கேக்காது. அதுனால சுபைதாக்கா எங்கயாச்சும் போனா வெளியில பூட்டிச் சாவிய எடுத்துட்டுப் போறது வழக்கம்னு செல்வி சொல்லுச்சு. அன்னைக்கு, நோன்பு தெறக்குறதுக்குச் சமோசா போட ரெண்டு தெரு தள்ளித் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காக. பாய் தொழுதுட்டு வந்து படுத்திருக்காரு.

ஸ்க்ரூடிரைவர விட்டு நெம்புனேன். எங்க ஊர்ப் பூட்டு. ஊருக்கே பேரு வாங்கிக் குடுத்த சாமான் என் ஸ்க்ரூடிரைவருக்கா அசையும்? வளைஞ்சது ஸ்க்ரூடிரைவர்தான். சரின்னு அடுத்த புத்திசாலித்தனம். வாசல்ல மீட்டர்ப் பொட்டி இருக்கு, மெயினை அமத்திட்டேன். அமத்திட்டுக் கொஞ்சம் பெருமையாவே நின்னேன்.

பக்கத்துச் சந்துல இருந்து செல்வி கேக்குது: "என்னத்தண்ணே அமத்துனீக? உள்ள ஃபேன் ஓடுதே."

இன்வர்ட்டர். வெளிய கரண்ட்டு நின்னா அது எடுத்துக் குடுக்கும், அதுக்குத்தான வச்சிருக்கு. எரியுறதும் அங்கதான்னு சன்னல் வழியாத் தெரிஞ்சுச்சு. அப்பத்தான் எனக்கு அந்தப் பேப்பர்க் கட்டு ஞாபகம் வந்துச்சு. நானே திருப்பி வச்ச கட்டு.

தீயணைப்பு நிலையத்துக்கு போன் போட்டேன். தெருப் பேரு, அடையாளம், உள்ள ஆள் இருக்காரு, காது கேக்காது, வெளிய பூட்டியிருக்குன்னு சொன்னேன். அன்னைக்கு நான் ஒழுங்காச் செஞ்ச மொத வேலை அது. அடுத்துத் "தாளிப்பு அக்கா".

"அக்கா, வீட்டுல அலாரம் அடிக்குது."

"அது எப்பவும் அடிக்கிறதுதான தம்பி. அடிச்சா நல்லா இருக்குன்னு அர்த்தம்னு நீங்கதான சொன்னீக?"

பின்னால எண்ணெய் கொதிக்கிற சத்தம், பொம்பளைக சிரிக்கிற சத்தம். என் வசனம் அப்படியே, ஒரு எழுத்து மாறாம, எங்கிட்டயே திரும்பி வருது.

"நான் சொன்னது தப்புக்கா. சாவிய எடுத்துட்டு ஓடி வாங்க."

போனு அப்படியே கீழ விழுந்த சத்தம் கேட்டுச்சு.

சந்துக்கு வந்தேன். பெட்ரூம் சன்னல் வெயிலுக்குத் தெறந்து கெடக்கு. கம்பிக்கு அந்தப் பக்கம் கட்டில்ல காதர் பாய் நல்லாத் தூங்குறாரு. ஹால்ப் பக்கத்துக் கதவு சாத்தியிருக்கு, அதுதான் அவரைக் காப்பாத்திக்கிட்டு இருக்கு. கதவுக்கு அடியில புகை மெல்ல நூலு மாதிரி வருது. நான் கம்பியப் பிடிச்சுக்கிட்டுப் பாய், பாய்னு கத்துறேன். தொண்டை கிழியுது. கேக்காதுன்னு தெரிஞ்சும் கத்துறேன். காது கேக்காதவருக்குச் சத்தமா அலாரம் மாட்டுன அதே புத்தி.

செல்வி என்னையத் தள்ளிட்டு வந்து, துணிக்குத் தெளிக்க வச்சிருந்த மக்குத் தண்ணிய அப்படியே அவரு மூஞ்சியில வீசுச்சு.

பாய் துடிச்சு எந்திரிச்சாரு. சன்னல்ல நாங்க ரெண்டு பேரு, நான் பனியனோட. அவரு என்ன நெனச்சாரோ, கோவத்துல எங்களப் பிடிக்க வெளிய வர்றதுக்கு நேரா ஹால் கதவுக்குப் போனாரு. அதைத் தெறந்தா மொத்தப் புகையும் அவரு மேல. நான் மறுபடி கத்துறேன். செல்வி கத்தல. காலி மக்கைக் குறி வச்சு அவரு முதுகுல எறிஞ்சுச்சு. திரும்புனாரு. அது ரெண்டு கையையும் விரிச்சு வேணாம்னு காட்டி, கதவுக்கு அடியில கையக் காட்டுச்சு. குனிஞ்சு பாத்தாரு. அப்பத்தான் அவரு மூஞ்சி மாறுச்சு.

செல்வி ஓடிப்போயி வண்டியில இருந்து ஒரு பெட்ஷீட்டை நனைச்சுக் கொண்டாந்து கம்பி வழியாத் திணிச்சுச்சு. பாய் அதைக் கதவுக்கு அடியில அடைச்சுட்டு வந்து சன்னல்கிட்ட ஒக்காந்து, வெளிக் காத்தை இழுத்து இழுத்து விட்டாரு. செல்வி கம்பிக்குள்ள கைய விட்டு அவரு தோளைப் பிடிச்சுக்கிச்சு. அது யாரு வீட்டுப் பெட்ஷீட்டுன்னு அப்ப யாரும் கேக்கல. சாயங்காலம் கேட்டாக.

நான் வண்டியில இருந்து ரெண்டு சிலிண்டரை எறக்கிக் கேட்டுகிட்ட வச்சுட்டு நின்னேன். அஞ்சாறு நிமிசந்தான் இருக்கும். எனக்கு அது முழுசா ஒரு நோன்பு. சுபைதாக்கா தங்கச்சி மாப்பிள்ளையோட ஸ்கூட்டர்ல வந்து எறங்குனாக, கையில மாவு காயல. சாவி துவாரத்துக்குள்ள போக மாட்டேங்குது. நான் வாங்கித் தெறந்தேன். குனிஞ்சு, தொப்பை தரையில ஒரச, தவந்து போனேன். பேப்பர்க் கட்டு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, மெத்தை பொகைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஒரு சிலிண்டர் முழுசும், ரெண்டாவதுல பாதியும். இன்வர்ட்டர் சுவிட்ச்ச அமத்திட்டு வெளிய வந்து வாந்தி எடுத்தேன். நீங்க இப்படி உள்ள போகாதீக. வெளிய நின்னு அடிங்க, இல்லேன்னா வண்டி வர்ற வரைக்கும் பொறுங்க. எனக்கு அன்னைக்குப் பொறுக்குற தைரியம் இல்ல, அம்புட்டுத்தான்.

தீயணைப்பு வண்டி வந்து மிச்சத்தை அணைச்சாக. பாயை ஈரத் துண்டு போத்திக் கூட்டியாந்தாக. ஒரு காயம் இல்ல. அவரு மொதக் கேள்வி தீயப் பத்தி இல்ல. வாயில பட்ட தண்ணிய முழுங்கல, துப்பிட்டேன், நோன்பு இருக்குமான்னு சம்சாரத்துக்கிட்ட கேட்டாரு. அவுக அழுதுக்கிட்டே சிரிச்சாக. பெறகு என்னையப் பாத்தாரு. நான் சிலிண்டர் பவுடரு அப்பி வெள்ளையா நிக்கிறேன். செல்வி என் சட்டையக் கொண்டாந்து குடுத்துச்சு, முதுகுல "உங்கள் பாதுகாப்பே எங்கள் பணி"ன்னு எழுதுன சட்டை. பாதிதான் தேச்சிருந்துச்சு. வந்திருந்த தீயணைப்புக்காரரு ஒருத்தரு அந்த எழுத்தைப் படிச்சாரு, சீலிங்ல இருந்த அலாரத்தைப் பாத்தாரு, தண்ணிக் குழாயைச் சுருட்டப் போயிட்டாரு. திட்டியிருக்கலாம்.

காதர் பாய் அலாரத்தைக் கையக் காட்டிக் கேட்டாரு. "இது அடிச்சுதா தம்பி?"

அடிச்சுதுன்னு தலைய ஆட்டுனேன்.

"தெருவுக்கே கேட்டுச்சா?"

ஆட்டுனேன்.

"இதை எனக்காகத்தான வாங்குனது?"

கோவமாக் கேக்கல. கணக்குப் புரியாத ஆளு கேக்குற மாதிரிதான் கேட்டாரு. நான் ஏகப்பட்ட கஸ்டமருக்கு ஏகப்பட்ட பதில் சொன்னவன். அவருக்கு அதுக்கும் தலையத்தான் ஆட்டுனேன். பதில் சொல்லியிருந்தாலும் அவருக்குக் கேக்காதுங்கிறதுதான் ஒரே ஆறுதல்.

அதுக்குப் பெறகு எந்த வீட்டுக்குப் போனாலும் நான் மொதல்ல சீலிங்கைப் பாக்குறதை விட்டுட்டேன். ஆளைப் பாத்தேன். இந்த வீட்டுல யாரு எப்ப ஒத்தையில இருப்பாக, தூங்கும்போது எது அவுகளை எழுப்பும், எழுந்தா எந்தக் கதவு தெறக்கும், பூட்டியிருந்தா சாவி யாருகிட்ட. இதுக்கெல்லாம் பதில் வாங்கிட்டு அப்பறமா மாடிப்படிக்குக் கீழ குனிஞ்சு பாத்தேன், இன்வர்ட்டர் மேல என்னத்தச் சாச்சு வச்சிருக்காகன்னு. பொட்டியில எத்தன ஸ்டார் போட்டிருக்கு, போன்ல மணி அடிக்குமாங்கிறது எல்லாம் கடைசி. இதைக் கேக்குறப்ப கஸ்டமருக்கு நாம பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி தெரியும். தெரியட்டும்.

பெருநாள் முடிஞ்ச மறுவாரம் காதர் பாய் வீட்டுல புதுசா மாட்டுனேன். அடுப்படிக்குச் சூடு பாக்குறது. புகை பாக்குறது மாடிப்படிக்கிட்ட, அடுப்படிய விட்டுத் தள்ளி. அதோட சேந்து பெட்ரூம்ல பளிச்சு பளிச்சுன்னு வெட்டுற லைட்டு ஒண்ணு, தலகாணிக்கு அடியில வைக்கிற நடுங்குற வில்லை ஒண்ணு. இன்வர்ட்டரப் பக்கத்து சுவர்ல ஏத்தி மாட்டிக் கீழ சுத்தமாக் கூட்டி வச்சிருந்தாக. கேட்டுக்கு ரெண்டாவது சாவி ஒண்ணு போட்டுச் செல்விகிட்ட குடுத்துட்டாக.

பாயைப் படுக்கச் சொல்லிட்டு டெஸ்ட் பட்டனை அமுக்குனேன். தலகாணி நடுங்குச்சு. பாய் எந்திரிச்சு ஒக்காந்து, தலகாணியத் தூக்கிப் பாத்து, "இதுதான் தம்பி அலாரம்"னாரு. அடுப்படியில வேணும்னே கடுகு தாளிக்கச் சொன்னேன். சத்தம் இல்ல. சுபைதாக்காவுக்குத்தான் சமைச்ச மாதிரியே இல்லையாம்.

நம்ம ஃபாரத்துல கடைசியா ஒரு கட்டம் இருக்கும், "சோதித்துப் பார்க்கப்பட்டது"ன்னு. இருவது வருசமா பட்டனை அமுக்கி, சத்தம் வந்ததும் டிக் போட்டுட்டு எறங்கியிருக்கேன். அன்னைக்குப் போடல, கேட்டைப் பூட்டி வைக்கச் சொன்னேன். மாடிப்படிக்கிட்ட இருக்கதை மறுபடி அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஏணியில நின்னபடியே வாசலப் பாத்துக்கிட்டு இருந்தேன். முட்டி ரெண்டும் கத்துது. சுபைதாக்கா, எறங்குங்க தம்பி, அதான் நல்லா அடிக்குதேன்னாக. நான் எறங்கல.

கேட்டுல பூட்டுத் தெறக்குற சத்தம் கேட்டுச்சு. செல்வி உள்ள வந்துச்சு, ஒரு கையில சாவி, இன்னொரு கையில மக்கு நெறையத் தண்ணி. ஏணியில என்னையப் பாத்துட்டு நின்னுச்சு. வீசலாமா வேணாமான்னு ஒரு யோசனை அது மூஞ்சியில ஓடுச்சு.

பட்டன்ல இருந்து கைய எடுத்துட்டு, சட்டைப் பையில இருந்து பேனாவ எடுத்து அந்தக் கட்டத்துல டிக் போட்டேன்.